கார்வொனென் வீட்டு உலையின் நல்லடக்கம்

சைமா கார்வொனென் தன் சொந்தச் சமையலறையில், அதுவும் ஒரு நவம்பர் மாதத்தில், குளிர்க்கோட்டைக் கழற்றினாள் என்பது எங்கள் கிவிலா ஊரின் வரலாற்றில் இரண்டாவது பெரிய நிகழ்ச்சி. முதலாவது, செம்புச் சுரங்கத்தை மூடியது. அதை ஊரே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

சைமா பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. பகலெல்லாம் வெந்துகொண்டிருக்கும் அண்டாக்களுக்கு நடுவே சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, விரல் நுனி வெட்டிய கையுறையோடு ராத்திரிச் சாப்பாடு செய்வாள். வெளியே போகும்போது கோட்டு போடுவது உலக வழக்கம். வீட்டுக்குள் வரும்போது போடுவது கார்வொனென் வழக்கம்.

அவள் கணவன் ரெய்னோ, சுரங்கம் மூடிய பிறகு கவுண்டி நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். நல்லவன். குடிப்பது அளவாக, பேசுவது அதைவிட அளவாக. அவன் வாயில் அதிகம் வரும் வாக்கியம் ஒன்றுதான்: "இன்னும் நல்லாத்தான இருக்கு." ஓட்டை விழுந்த படகைப் பற்றியும் சொல்வான், ஒற்றைக் காது போன நாயைப் பற்றியும் சொல்வான். ஆனால் அவன் அதை மனப்பூர்வமாக, கண் கலங்கச் சொன்னது வீட்டைச் சூடாக்க நிலவறையில் வைத்திருந்த உலையைப் பற்றித்தான்.

அந்த வீட்டில் ரெய்னோ 'அவன்', சைமா 'அவள்', உலை மட்டும் 'அவர்'. பெரியவர் என்று பெயர். ரெய்னோவின் அப்பா காலத்தில் நிலக்கரி தின்றவர், பிறகு எண்ணெய்க்கு மாற்றப்பட்டவர். நிலவறையின் பாதியை அடைத்துக்கொண்டு, வெள்ளைக் கல்நார்க் கட்டுப் போட்ட பெரிய குழாய்க் கைகளை எல்லா அறைகளுக்கும் நீட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஆக்டோபஸ் மாதிரி இருப்பார். மூன்று அறைகளுக்கு ஒன்றும் தரமாட்டார். நாலாவது அறையான சாமான் அறையில் மட்டும் வெண்ணெய் உருகும்.

அவர் உடம்பில் அவருடையது என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. விசிறியை ஓட்டுவது ஒரு பழைய பிக்கப் வண்டியின் பெல்ட். முதுகில் ஒட்டுப் போட்டிருப்பது ஒரு வண்டி நம்பர் பலகை. ஒரு கை தொங்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருப்பது பனிச்சறுக்குக் கம்பு. இத்தனை அறுவை சிகிச்சைகளையும் ரெய்னோவோடு சேர்ந்து செய்தவன் ஒன்னி, எங்கள் ஊர் உலை மெக்கானிக். அவன் கடையில் புது உலையும் விற்பான். ஆனால் கேட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று விசாரித்துவிட்டுத்தான் விற்பான்.

எங்கள் கிவிலாவில் புதிதாக ஒரு சாமான் வாங்குவது பாவம் என்று வேதத்தில் எங்கும் இல்லை. வாங்கியவன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் நுழையும் தினுசைப் பார்த்தால் இருக்குமோ என்று தோன்றும்.

ஒன்னியின் தத்துவத்தை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். "புதுசு வாங்கினா அது கெட்டுப்போகும். இது ஏற்கனவே கெட்டுப்போனது. இதுக்கு மேல என்ன ஆயிரும்?"

இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் சைமா பல குளிர்காலங்களைக் கழித்தாள்.

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறை சூடாக இருக்க வேண்டும். அதற்குக் காரணம் சொகுசு அல்ல, மாவு. சைமாவின் ஏலக்காய் ரொட்டி, பின்னல் போட்டு, மேலே சர்க்கரை தூவி, பளபளவென்று இருக்கும். ஆனால் அந்தச் சமையலறைக் குளிரில் மாவு உப்பாது. பாத்திரத்தின் அடியில் சுருண்டு படுத்துக்கொள்ளும். அதனால் கொல்லைப்புறத்து நீராவிக் குளியலறையான சவுனாவில் விறகை எரித்து, மனிதர்கள் வியர்த்துக் குளிக்கும் பலகையில் மாவுப் பாத்திரத்தை உட்காரவைப்பாள். மாவு உப்பும். கூடவே புகையும், குளிக்கும்போது உடம்பில் தட்டும் பூர்ச்ச இலையும் ரெய்னோவின் முதுகும் கலந்த ஒரு வாசனையும் ஏறும். கோயில் காபி மேசையில் சைமாவின் ரொட்டியைக் கடித்த யாரோ ஒரு புண்ணியவதி, "சனிக்கிழமை குளிச்ச மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அதை எல்லோரும் சிரித்து மறந்தார்கள். சைமா சிரித்தாள், மறக்கவில்லை.

ஈஸ்டர் அன்று கோயில் காபி வேளையில், முழுச் சபை முன்னிலையில், அவள் கேட்டாள்.

"ரெய்னோ, அந்த உலையை எப்ப மாத்தப்போற?"

ரெய்னோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். எங்கள் ஊரில் ஓர் ஆண் காபிக் கோப்பையைக் கீழே வைத்தால் சட்டம் இயற்றப்போகிறான் என்று அர்த்தம்.

"பெரியவர் உயிரோட இருக்கிற வரைக்கும் அவர் இடத்துல இன்னொருத்தர் வரமாட்டார்."

"செத்துட்டார்னா?"

"செத்துட்டார்னா மாத்திக்கலாம்."

"செத்துட்டார்னு யார் சொல்றது?"

"நான்தான் சொல்லணும். வேற யாரு?"

அன்றிலிருந்து இது சட்டமானது. பெரியவர் வசந்தத்தில் ஒருமுறை நின்றார், மழைக்காலத்தில் ஒருமுறை கறுப்பாக வாந்தி எடுத்தார், அக்டோபரில் ஒரு நாள் முழுக்க ஊமையாகக் கிடந்தார். ஒவ்வொரு முறையும் ரெய்னோ கீழே போய், ஒரு உதை கொடுத்து, மேலே வந்து சொன்னான்: "சாவு இல்ல. மயக்கம்."

நவம்பர் பதினைந்து வந்தது. மான் வேட்டைச் சீசன் தொடக்கம். அன்று எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது, ஆண்களும் கிடையாது. விடிவதற்கு முன்பே எல்லோரும் துப்பாக்கியோடு காட்டுக் குடிசைகளுக்குப் போய்விடுவார்கள். மாதக் கடைசிவரை பனி தள்ள ஆள் இல்லை, பல் பிடுங்க ஆள் இல்லை, உலை பார்க்க ஆள் இல்லை. மான் சீசனில் கெட்டுப்போவது எதுவானாலும் அது அந்தப் பொருளின் சொந்தப் பொறுப்பு.

அன்று காலை பத்து மணி வாக்கில் பெரியவர் வெடித்தார்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஒரு இருமல். அந்த இருமலோடு, சூட்டுக் காற்று வரவேண்டிய தரைக் கிராதி வழியாகக் கரும்புகை மேலே வந்து, சமையலறை மேசையில் இருந்த மாவின்மேல், அப்போதுதான் பின்னல் போடப்போன வெள்ளை மாவின்மேல், சாவகாசமாகப் படிந்தது. சைமா ஜன்னல்களைத் திறந்தாள், நிலவறைக்குப் போய் எண்ணெய்க் குழாயை மூடினாள், பக்கத்து வீட்டில் இருந்த ஒன்னியின் மனைவி ஐலிக்குப் போன் செய்தாள்.

ஒன்னி காட்டில் இருக்கும்போது கடை ஐலியுடையது. உண்மையில் மற்ற நாட்களிலும் அப்படித்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அவள் டார்ச் விளக்கோடு வந்தாள், பெரியவரின் வயிற்றுக் கதவைத் திறந்தாள், உள்ளே தலையை விட்டாள்.

"சைமா, தீ எரியற உள்சட்டியே பிளந்துருக்கு. இங்க பாரு, என் கையே போகுது."

"செத்துட்டாரா?"

ஐலி கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டாள். எங்கள் ஊர்க்காரர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

"நான் எப்படிச் சொல்றது? ரெய்னோதான சொல்லணும். இதோட ஓட்டினா புகை வீட்டுக்குள்ளதான் வரும், அவருக்கு முன்னாடி நீ போயிருவ. அதை மட்டும்தான் நான் சொல்ல முடியும்."

"சரி, அப்ப அவன்கிட்டயே போய்க் கேட்கறேன்."

"குடிசைக்கா?" ஐலி குரலைத் தாழ்த்தினாள். "பொம்பளைங்க போகக் கூடாதே. பிறப்பு, இறப்பு, ரெண்டுக்கு மட்டும்தான் தகவல் கொண்டு போகலாம்."

"இறப்புதானே?" என்றாள் சைமா.

குடிசை காட்டுக்குள் இருந்தது. கடைசி மைல் பனியில் நடக்க வேண்டும். சைமா கதவைத் தட்டாமல் திறந்தாள். திறந்ததும் முகத்தில் அடித்தது சூடு. குடிசை நடுவே இரும்பு அடுப்பு செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. ரெய்னோவும் ஒன்னியும் இன்னும் ஏழெட்டு பேரும் கம்பளி உள்ளாடையோடு, அதன் கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டு, சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்கடா, வேகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மான் எதுவும் கண்ணில் படவில்லை. மானைத் தேடி யாரும் வெளியே போன அடையாளமும் இல்லை.

சைமாவைப் பார்த்ததும் எல்லாம் நின்றது.

"சாவுச் செய்தி" என்றாள் அவள்.

ஒவ்வொருவனும் தொப்பியைக் கழற்றினான். தொப்பி இல்லாதவன் சீட்டைக் கீழே வைத்தான். ஒன்னி மட்டும் கையில் நல்ல சீட்டு இருந்ததால் கவிழ்த்து வைத்தான்.

"யாரு?" என்று ரெய்னோ மெதுவாகக் கேட்டான்.

"நம்ம வீட்டு உலை."

சிரிப்பு கூரையைத் தூக்கியது. தொப்பிகள் திரும்பத் தலைக்கு ஏறின.

"மயக்கமா இருக்கும், சைமா."

"உள்சட்டி பிளந்துருக்கு. ஐலியோட கை உள்ள போகுது."

"ஐலிக்குச் சின்னக் கை" என்றான் ஒன்னி. "ஒரு தகரம் வச்சு அடைச்சிரலாம். மாசக் கடைசியில வந்து பார்க்கறேன்."

"அதுவரைக்கும் நான்?"

"சவுனா இருக்குல்ல?" என்றான் ரெய்னோ. அவன் கொடூரமானவன் இல்லை. இத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தக் கணவனும் தன் இயல்பில் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

சைமா கையுறையைக் கழற்றி அடுப்புக்கு முன் கையை நீட்டினாள். விரல்கள் வெளுத்திருந்தன. அவற்றில் ரத்தம் திரும்பி வருகிறவரை நின்றாள். பிறகு கேட்டாள்.

"ரெய்னோ, ஒரே கேள்வி. அவர் செத்துட்டாரா, இல்லையா? சட்டப்படி நீ சொல்லணும்."

இந்த இடத்தில்தான் ரெய்னோ தன் வாழ்க்கையின் பெரிய தவறைச் செய்தான். நண்பர்களைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"செத்துட்டாருன்னு நீ சொன்னா சரி, செத்துட்டாரு. செத்தவரை என்ன பண்ணுவாங்க? அடக்கம் பண்ணு! ஊரைக் கூப்பிட்டு அடக்கக் காபி ஊத்து!"

குடிசை அதிர்ந்தது. ஒருவனுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

வேறு ஊரில் இது வேடிக்கைப் பேச்சாகப் போயிருக்கும். ஆனால் எங்கள் ஊரில் கோயில் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த ஒருத்தியிடம் அடக்கக் காபி, அதாவது செத்தவருக்காக ஊரே கூடும் காபி விருந்து, என்று சொன்னால், சொன்னது சொன்னதுதான். அந்த வார்த்தைக்கு விளையாட்டு அர்த்தம் கிடையாது. அதைச் சொன்ன மாத்திரத்தில் எங்கோ ஒரு சமையலறையில் பன்றித்தொடை ஊற ஆரம்பித்துவிடும்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றாள் சைமா.

"கேட்டோம்!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"சரி" என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு போனாள்.

இனி வருவது ராணுவ வரலாறு.

சிக்கல் என்னவென்றால், புது உலை பொருத்த ஆண் வேண்டும். ஆண்கள் காட்டில். இதற்கு ஐலி கண்டுபிடித்த வழியை நான் எழுந்து நின்று வணங்குகிறேன். எங்கள் மாநிலத்தில் மான் சீசன் பதினைந்தாம் தேதி. எல்லைக்கு அந்தப் பக்கம் விஸ்கான்சினில் அடுத்த சனிக்கிழமைதான். அதாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை விஸ்கான்சின் ஆண்கள் நாகரிகமான மனிதர்களாகவே இருப்பார்கள். ஐலி அங்கே உலை பொருத்தும் வேலை செய்யும் இரண்டு அண்ணன் தம்பிகளுக்குப் போன் போட்டாள். ஒன்னியின் கடைப் பின்னறையில், தார்ப்பாயால் மூடி, ஏதோ குற்றத்தை மறைத்தாற்போல் வைத்திருந்த புது உலையை அவளே வண்டியில் ஏற்றினாள். காசு சைமாவுடையது, அண்டாவுக்கு முன் நின்று சம்பாதித்தது. அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

சகோதரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு பெரியவரின் வெள்ளைக் கட்டுகளை அவிழ்த்தார்கள். பிறகு சம்மட்டி. பெரியவர் உயிரோடு இருந்தபோது காட்டாத வீரத்தைச் செத்த பிறகு காட்டினார். ஒரு முழு நாள் அசையவில்லை. கைகளை வெட்டியபோது உள்ளேயிருந்து ஒரு குழந்தைக் காலணியும், ஐஸ் ஹாக்கி வட்டு ஒன்றும், ரெய்னோவின் அப்பா கடைசிவரை தேடிக்கொண்டிருந்த பல்செட்டும் விழுந்தன. பெண்கள் சங்கம் முழுதும் கூடி, துண்டு துண்டான இரும்பைப் பிள்ளைகளின் சறுக்குவண்டிகளில் கட்டி, பனியில் இழுத்துப் போய் வண்டியில் ஏற்றியது. வயிற்றுக் கதவை மட்டும் சைமா எடுத்து வைத்துக்கொண்டாள். பூவேலை செய்த நல்ல வார்ப்பிரும்பு.

"எதுக்கு இது?" என்றாள் ஐலி.

"அடக்கத்துக்கு ஒரு படம் வேண்டாமா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் புது உலை இடத்தில் உட்கார்ந்தது. பழுப்பு நிறம், ஒரு அலமாரி அளவு. பெரியவர் இருந்த இடத்தில் அது, யானை கட்டின இடத்தில் ஆட்டைக் கட்டினாற்போல் தெரிந்தது. குழாய் வேலை பாக்கி. ஆனால் சகோதரர்களில் மூத்தவன் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது. அவர்கள் கண்ணில் மெல்ல மான் புகுந்துகொண்டிருந்தது.

"அம்மா, மீதியை சீசன் முடிஞ்சு வந்து..."

சைமா மேலே போனாள். நிலவறைப் படியில் மாவுப் பாத்திரத்தோடு இறங்கி வந்தாள். அதை அவர்களுக்கு முன்னால் ஒரு பெட்டிமேல் வைத்து, துணியை விலக்கினாள். ஏலக்காய் வாசனை நிலவறை முழுக்கப் பரவியது.

"இது ஏலக்காய் ரொட்டி" என்றாள். "ஆளுக்கு ரெண்டு பின்னல், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். காட்டுக்கும் எடுத்துட்டுப் போகலாம். ஆனா வீடு சூடானாத்தான் இது உப்பும்."

தம்பி அண்ணனைப் பார்த்தான்.

"எவ்வளவு சூடு வேணும்?" என்றான் அண்ணன்.

"கோட்டைக் கழட்டற அளவு."

அவர்கள் மறுபடியும் மண்டியிட்டார்கள். மனிதனுக்குள் மானும் ரொட்டியும் மோதியதை நான் பார்த்ததில்லை. அன்று நிலவறையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கீழே ஒரு சின்ன 'விஸ்ஸ்' சத்தம் கேட்டது. அவ்வளவுதான். இருமல் இல்லை, நடுக்கம் இல்லை. சைமா சமையலறையில் தரைக் கிராதிமேல் நின்றாள். பாவாடை லேசாக உப்பியது.

அவள் தலைத்துண்டை அவிழ்த்தாள். கையுறையைக் கழற்றினாள். பிறகு கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். மாட்ட ஆணி இல்லை. அந்த வீட்டில் குளிர்காலத்தில் யாரும் கோட்டைக் கழற்றியதே இல்லை என்பதால் யாருக்கும் ஆணி அடிக்கத் தோன்றவில்லை. நாற்காலியில் போட்டாள்.

மேசைமேல் மாவு எழும்பியது. பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி, துணியைத் தூக்கிக்கொண்டு, வயிறு தள்ளிய பாதிரிபோல் எழும்பி நின்றது. ஐலி கைதட்டினாள். தம்பிக்காரன் தொப்பியைக் கழற்றினான்.

அடக்கக் காபிக்கு மாதத்தின் கடைசி நாளைக் குறித்தார்கள். ஆண்கள் திரும்பும் நாள். பாஸ்டர் ஹோல்ம் மட்டும் தயங்கினார். மினியாபொலிஸிலிருந்து புதிதாக வந்த இளைஞர், வேத சாஸ்திரம் படித்தவர்.

"சகோதரி, ஆத்மா இல்லாத பொருளுக்கு நான் ஜெபம் பண்ண முடியாதே."

"ஜெபம் வேண்டாம் பாஸ்டர். காபி குடிக்க வந்தா போதும்."

"காபி குடிச்சா ஜெபம் பண்ணின மாதிரிதானே ஆகும்?"

"அது உங்க மனசாட்சிக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. ஏழு வகைப் பலகாரம் இருக்கு."

பாஸ்டர் வந்தார்.

அன்று மத்தியானம் ரெய்னோ தன் வீதிக்குள் வண்டியைத் திருப்பியபோது, தன் வீட்டு முன்னால் இரண்டு பக்கமும் கார்கள் நிற்பதைப் பார்த்தான். கறுப்பு உடுத்திய பெண்கள் மூடிய தட்டுகளோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கோயிலின் பெரிய காபிப் பானையை இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். அந்தப் பானை கோயிலைவிட்டு வெளியே வருவது ஒரே காரணத்துக்குத்தான்.

குடிசையில் அடித்த கேலி அவனுக்கு அப்போது நினைவில் இல்லை. நினைவில் இருந்தது வேறு: வெளுத்த விரல்கள். 'அதுவரைக்கும் நான்?' என்ற கேள்வி. வெடித்த உலை, குளிர் வீடு, அதில் ஒருத்தியைத் தனியாக விட்டுவிட்டுச் சீட்டாடிய இரண்டு வாரம். வண்டியை அணைக்காமலே இறங்கி ஓடினான். பனியில் ஒருமுறை விழுந்தான். பின்னால் வண்டியில் வந்த ஒன்னி, "டேய், என்னடா?" என்று கத்தியது காதில் விழவில்லை.

கதவைத் தள்ளித் திறந்தான். கூட்டம் வழிவிட்டது.

சைமா அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஜூலை மாதம் ஏரிக்கரைச் சுற்றுலாவுக்குப் போடும் கையில்லாத பூப்போட்ட சட்டையில். நெற்றியில் வியர்வை.

ரெய்னோ அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீ... நல்லாத்தான் இருக்கியா?"

"நான் இருக்கேன்" என்றாள் சைமா. "அவர்தான் போயிட்டார்."

முன்னறை மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு மெழுகுவர்த்திகளுக்கு நடுவே, பெரியவரின் வயிற்றுக் கதவு கறுப்பு ரிப்பனோடு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் பல்செட். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நெருங்கிய உறவினருக்கு.

ஓடுவதற்கு வழியில்லை. அடக்கக் காபியில் யாரும் சண்டை போடக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது, கொடுத்ததை மறுக்கக் கூடாது. இதெல்லாம் ரெய்னோவுக்கு ஞானஸ்நானத்தோடு ஊட்டப்பட்டது. அவன் உட்கார்ந்தான். பெண்கள் வரிசையாக வந்து கையைப் பிடித்தார்கள்.

"ரொம்ப நாள் கூட இருந்தார்."

"கஷ்டப்படாமப் போனாரே, அது போதும்."

"கஷ்டப்பட்டது நாங்க" என்று பின்னாலிருந்து ஐலி சொன்னாள்.

பிறகு எல்லோரும் அமைதியானார்கள். வழக்கப்படி நெருங்கிய உறவினர் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களும் அதற்குள் வந்து சுவரோரம் நின்றிருந்தார்கள். குடிசையில் 'கேட்டோம்' என்று கத்தியவர்கள். இப்போது தங்கள் வீட்டு நிலவறைகளை நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

ரெய்னோ எழுந்தான். கம்பளி வேட்டைக் கோட்டுக்குள் அவன் வேக ஆரம்பித்திருந்தான். முகம் சிவந்து, காதுக்குப் பின்னால் வியர்வை இறங்கியது.

"எங்க அப்பா வாங்கினது" என்றான். நிறுத்தினான். "சத்தம் போடுவார். ஆனா... வீட்ல யாரோ இருக்கிற மாதிரி இருக்கும்." மறுபடி நிறுத்தினான். சைமாவின் கைகளைப் பார்த்தான். விரல்கள் சிவப்பாக, மாவு ஒட்டி, உயிரோடு இருந்தன.

"செத்துட்டார்" என்றான். "நான் சொல்றேன். செத்துட்டார். முன்னாடியே செத்துருப்பார். நான்தான் பிடிச்சு வச்சிருந்தேன்."

"ஆமென்" என்றார் பாஸ்டர் ஹோல்ம், பழக்கதோஷத்தில். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டார்.

அறை முழுக்கக் கைதட்டல். அடக்கத்தில் கைதட்டுவது எங்கள் சபையில் அதற்கு முன் நடந்ததில்லை. சுவரோரம் நின்ற ஒன்னி, ரெய்னோவின் காதருகே குனிந்து, "டேய், ஒரு தகரம் வச்சிருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"வாயை மூடுடா" என்றான் ரெய்னோ. "துக்க வீடு."

சைமா தட்டோடு வந்தாள். அவன் ரொட்டியை எடுத்துக் கடித்தான், மென்றான், புருவத்தைச் சுருக்கினான்.

"இதுல என்னமோ குறையுதே."

"உன் முதுகு" என்றாள் சைமா.

அவன் சிரித்ததை அறையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இன்னொரு துண்டு எடுத்தான். பிறகு, வேறு வழியே இல்லாமல், கோட்டைக் கழற்றினான். அதைப் பார்த்து ஒன்னி கழற்றினான். பிறகு மற்றவர்கள். கழற்றிய கோட்டுகளோடு அத்தனை வேட்டைக்காரர்களும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னறை நடுவே நின்றார்கள்.

மறுநாள் காலை கார்வொனென் வீட்டிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. புது உலைமேல் கை வைத்துவிட்டானோ என்று பயந்து பக்கத்து வீட்டு ஐலி கோட்டுகூடப் போடாமல் ஓடி வந்தாள். இல்லை. வாசல் உள்சுவரில் ரெய்னோ பெரியவரின் வயிற்றுக் கதவை ஆணி அடித்து மாட்டிக்கொண்டிருந்தான். அதன் பூவேலையில், பழைய பிக்கப் வண்டியின் போல்டுகளை வளைத்து, வரிசையாகக் கொக்கிகள்.

"வேலைக்கு வச்சுட்டியா அவரை?" என்றாள் ஐலி.

ரெய்னோ கையில்லாத பனியனோடு, ஒரு அடி பின்னால் தள்ளி நின்று பார்த்தான்.

"இன்னும் நல்லாத்தான இருக்கார்" என்றான்.

சைமா சமையலறையிலிருந்து வந்து முதல் கொக்கியில் தன் கோட்டை மாட்டினாள். பிறகு மாவைப் பார்க்கப் போனாள்.